புழலுக்கும் சேர்த்து

அன்புள்ள ஐயா,

இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைப் பிடித்தால் காசிமேட்டில் எல்லோரும் கொதிக்கிறோம். இந்தியக் கடலோரக் காவல்படை இலங்கைப் படகைப் பிடித்துவந்தால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. இதைச் சொன்னால், ‘அமெரிக்கா ஈராக்கில் செய்யாததா?’ என்று பேச்சு எங்கோ போய்விடுகிறது. எல்லா நாடும் யோக்கியதை இல்லாதது என்றால் எதையுமே கண்டிக்கக் கூடாதா?

வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகக் கண்டிக்கலாம், எதை என்று பிரித்துக்கொண்டு. எல்லை தாண்டியவரைப் பிடிப்பது, சுடுவது, சிறையில் வைப்பது, படகைப் பறிமுதல் செய்வது எல்லாவற்றையும் ‘மீனவர் பிரச்சினை’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் கோளாறு. ஒவ்வொன்றையும் நாட்டின் பெயர் இல்லாமல் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

முதலில் கைது. 1976 மார்ச்சில் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்களின்படி ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது. அந்நியப் படகுகளைப் பிடிக்க இலங்கை 1979இல் சட்டம் போட்டது, நாம் 1981இல் போட்டோம். சூரை மீன் தேடி நம் பொருளாதார மண்டலத்துக்குள் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன்வளத்தில் நமக்கே உரிமையுள்ள கடல்) வரும் இலங்கையின் நெடுநாள் படகுகளை அந்தச் சட்டப்படிதான் மடக்குகிறோம். அவர்களில் பலர் புழல் சிறையில் இருந்திருக்கிறார்கள். கைதே அநியாயம் என்பவர் புழலுக்கும் சேர்த்துச் சொல்லட்டும். சொல்ல மனம் வரவில்லையென்றால் அவருடைய கோபம் பிடிபட்டவர் யார் என்பதைப் பற்றியது.

சுடுவதில் தயக்கமே வேண்டாம். 2012இல் இத்தாலியக் கப்பலிலிருந்து கேரளக் கடலுக்கு அப்பால் இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்றபோது என்ன கேட்டோமோ, அதையே கொழும்பிடமும் கேட்கலாம். இந்தியப் படகுகளைச் சுடுவதில்லை என்று 2008 அக்டோபரில் ஒப்புக்கொண்ட அரசு அது.

சிறையும் பறிமுதலும் சிக்கலானவை. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆவது பிரிவை மேடையில் சிலர் முழங்குவார்கள்: மீன்பிடி மீறலுக்குச் சிறைத்தண்டனை கூடாது, நியாயமான பிணை கட்டினால் படகையும் ஆட்களையும் உடனே விட வேண்டும். சரிதான். ஆனால் அது பொருளாதார மண்டலத்துக்கு மட்டும். பாக் நீரிணை குறுகல். அங்கே நடக்கும் கைதுகளில் பல, இலங்கை தன் சொந்த நீர்ப்பரப்பு என்று கொள்ளும் பகுதியில் நடப்பவை. படகு எந்த இடத்தில் நின்றது என்ற ஜிபிஎஸ் பதிவு இல்லாமல் அந்தப் பிரிவைத் தொடக்கூடாது. சொல்லப்போனால் அது நேராகப் பொருந்துவது வங்கக் கடலில் நம்மிடம் மாட்டும் இலங்கைப் படகுகளுக்குத்தான்!

இன்னொன்றை நாம் பேசுவதே இல்லை. ராமேஸ்வரம் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. அவை எல்லை தாண்டி, இழுவைமடியின் (படகு பின்னால் இழுத்துச் செல்லும் பை போன்ற வலை) பலகையும் சங்கிலியும் கடல் தரையைச் சுரண்டிக்கொண்டு போகும்போது குறுக்கே கிடக்கும் வலையெல்லாம் அறுந்துபோகும். அந்த வலைக்குச் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்துத் தமிழர். இலங்கை 2017இல் இழுவைமடியைத் தடை செய்ததற்கு அவர்களுடைய நெடுநாள் போராட்டமும் காரணம். காசிமேட்டுப் படகுகளை நெல்லூர்ப் பக்கம் ஆந்திர மீனவர்கள் சிறைபிடிக்கும்போதும் ஏறக்குறைய இதே புகார்தான்.

ஈராக் விஷயம். 2003 ஏப்ரலில் அங்கே அமெரிக்கா தொடுத்த போரைக் கண்டித்து நம் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. 2022 மார்ச் 2 அன்று ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்து உக்ரைனுக்காக ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் கைதூக்கின, 5 எதிர்த்தன, 35 ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் நாமும் உண்டு. அமெரிக்கா அப்படியே தலைகீழ்: ஈராக்கில் போர் தொடுத்தது, உக்ரைனுக்காகக் கைதூக்கியது. இதைக் காட்டி இரண்டு அரசுகளின் வாயையும் அடைக்கலாம். பாக்தாத்தில் விழுந்த குண்டோ மரியுபோலில் விழுந்த குண்டோ அதனால் நியாயமாகிவிடாது.

நம் அரசைப் பற்றிக் கொஞ்சம் உரக்கப் பேசினால் அது பாரபட்சம் ஆகாது. நம் ஓட்டு செல்லுபடியாகும் இடம் அது. பாக் நீரிணை இழுவைப்படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றும் திட்டம் 2017இல் வந்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் 70 சதவீதம் மானியம், இலக்கு 2000 படகுகள். அந்த இலக்கின் பக்கத்தில்கூட அது வரவில்லை. ஏன் என்று உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.