விண்டோஸில் இருக்கும் டிஃபென்டரே போதுமா, காசு கொடுத்து வேறு ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா?

வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போதும்.

கேட்டவர் புது லேப்டாப் வாங்கி, அதோடு வந்த ஆன்டிவைரஸின் இலவசக் காலம் முடியும் கட்டத்தில் இருக்கிறார், திரை மூலையில் தினமும் ஒரு சிவப்புப் பெட்டி வந்து மிரட்டுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். அந்தச் சிவப்புப் பெட்டிக்காகத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன்.

சில வருடங்களுக்கு முன் என் சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டது நான்தான். அவர் கேட்கவில்லை. "சும்மா கிடைப்பதை நம்பக் கூடாது சித்தப்பா" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லி நானே வாங்கிப் போட்டேன். ஒரு வருடச் சந்தா. முடிந்ததும் புதுப்பிக்க நான் மறந்துவிட்டேன், ஆனால் அந்த மென்பொருள் மறக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தால் "நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்", மூடப் போனால் "இன்றே புதுப்பியுங்கள்". மாதக்கணக்கில் இப்படியே ஓடியது. அவரும் ஒவ்வொரு முறையும் பெருக்கல் குறியைத் தேடி அழுத்திக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் ஏதோ இணையப் பக்கத்தில் அதே மாதிரி சிவப்புப் பெட்டி திரை முழுக்க வந்தது. கூடவே சைரன் சத்தம், ஒரு போன் நம்பர். கூப்பிட்டுவிட்டார். மறுமுனையில் இருந்தவன் பொறுமையாகப் பேசி, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் செயலி ஒன்றை அவர் கையாலேயே போட வைத்தான். வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னபோதுதான் சித்தி உள்ளே வந்து, எதுவும் கேட்காமல் பிளக்கைப் பிடுங்கினார். பணம் தப்பியது. நான் போய் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி போட்டேன்.

"நீ போட்டுக்கொடுத்த கம்பெனின்னு நினைச்சுத்தான்டா போன் பண்ணினேன்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் செயலி வைரஸ் இல்லை. அலுவலகங்களில் தினமும் பயன்படுத்தும் சாதாரண மென்பொருள். சந்தா உயிரோடு இருந்திருந்தாலும் அனேகமாக எந்த ஆன்டிவைரஸும் அதைத் தடுத்திருக்காது.

"டிஃபென்டர் டப்பா, சோதனைகளில் எப்போதும் கடைசி" என்று யாராவது வருவீர்கள், தெரியும். நான் மைக்ரோசாஃப்ட் ஆள் இல்லை. அது ஒரு காலத்து உண்மை. விஸ்டா என்ற பழைய விண்டோஸில் அது உளவு மென்பொருளை மட்டும்தான் பார்த்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் முழு ஆன்டிவைரஸாக உடன் வர ஆரம்பித்தது, அப்போதும் சுமார்தான். ஆனால் சில ஆண்டுகளாக ஆன்டிவைரஸ்களைச் சோதித்து மதிப்பெண் போடும் ஏவி-டெஸ்ட் நிறுவனத்தின் சோதனைகளில் பாதுகாப்புக்கு 6க்கு 6 அடிக்கடி வாங்குகிறது. குறையே இல்லை என்று சொல்லவில்லை. இணையத் தொடர்பு இல்லாதபோது அதன் பிடி தளர்கிறது. காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் முழு நிம்மதியா என்ன? இலவசமாகவும் விலைக்கும் ஆன்டிவைரஸ் தந்த அவாஸ்ட், பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை விற்றதற்காக 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது.

அப்டேட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் மென்பொருள், உலகத்தையே உலுக்கியதே, அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அடைப்பு கொடுத்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அப்புறம், போட்டோக்களுக்கு ஒரு வெளி டிஸ்க் வைத்து, பேக்கப் எடுத்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

லேப்டாப்போடு வந்த இலவச ஆன்டிவைரஸை நீக்க முடிவு செய்தால், நீக்கிய கையோடு விண்டோஸிலேயே இருக்கும் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து டிஃபென்டர் விழித்துவிட்டதா என்று பாருங்கள். வேறொன்று இருக்கும்வரை அது தானாக ஒதுங்கியிருக்கும். பழையதன் மிச்சம் மீதி கிடந்தால் சில சமயம் எழுந்திருக்காது. அதற்கென்று அந்தந்த நிறுவனமே ஒரு நீக்கும் கருவி கொடுக்கும், அதை ஓட்டுங்கள். பிள்ளைகளைக் கண்காணிக்க, நாலைந்து கருவிகளை ஒரே இடத்திலிருந்து பார்க்க என்று காரணம் இருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள், தப்பில்லை. பயத்தில் வாங்காதீர்கள்.

ஒரு புலம்பல், மன்னிக்கவும். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஒரு ஆன்டிவைரஸ் போட்ட பாவத்துக்கு சொந்தத்தில் நான்தான் 'கம்ப்யூட்டர் ஆள்'. ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவனை எழுப்பி பிரிண்டர் பார்க்கக் கூட்டிப்போனார்கள். பிரிண்டரில் பேப்பர் இல்லை. திரும்பி வந்தால் என் இலையில் வேறு ஒருவர்.

சித்தப்பா இப்போது எந்தப் பெட்டி வந்தாலும் எனக்குப் போன் செய்கிறார். நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு, "ரீஸ்டார்ட் பண்ணுன்னு வருது, நெஜமா, டூப்பா?" என்றார். நிஜம்தான் சித்தப்பா, அழுத்துங்க என்றேன். "பேசுறது நீதான்னு எப்படி நம்புறது?" என்று கேட்டுவிட்டு, போனைச் சித்தியிடம் கொடுத்தார்.