இறக்குமதி ஏகேவா, அமெரிக்கத் தயாரிப்பா: கடையில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. ரேஞ்சில் சுட்டுப் பழக 7.62×39 ஏகே வகை செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் ஒன்று வாங்க வேண்டும். ருமேனியாவின் வாசர்-10, செர்பியாவின் இசட்பாப் எம்70, பால்மெட்டோ ஸ்டேட் ஆர்மரியின் ஜிஎஃப்3 ஆகிய மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். "அமெரிக்காவில் செய்த ஏகே பக்கமே போகாதே" என்கிறார் நண்பர். அது சரியா? கடையில் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பத்து வருஷத்துக்கு முன்பு பெரும்பாலும் சரி. இன்று பாதிதான் சரி. எந்த நாட்டில் செய்தது என்பதைவிட, மூன்று உருப்படிகள் எப்படிச் செய்யப்பட்டன என்று கேளுங்கள்: முன் ட்ரன்னியன் (பேரலையும் போல்ட்டையும் பிடித்துக்கொள்ளும் எஃகுக் கட்டி), போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டுவது), போல்ட் கேரியர் (போல்ட்டைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடுவது).

ஏகேயின் உயிர்நாடி முன் ட்ரன்னியன்தான். ரிசீவர், அதாவது பாகங்களைத் தாங்கும் உடற்கூடு, வெறும் மடித்த தகடு. ஏகேஎம் (ஏகே-47இன் பிற்காலப் பதிப்பு) வகையில் அதன் தடிமன் 1 மி.மீ. மட்டுமே. வெடிப்பின் அழுத்தத்தை அந்தத் தகடு தாங்குவதில்லை. போல்ட்டின் இரண்டு காதுகள் சுழன்று ட்ரன்னியனுக்குள் பூட்டிக்கொள்கின்றன. பேரலும் அதே ட்ரன்னியனில்தான் இறுக்கி ஏற்றப்பட்டு, குறுக்கே ஒரு பின் அடிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தோட்டாவின் உதையும் அந்தக் காதுகள் வழியாக ட்ரன்னியனின் தோளில் போய் விழுகிறது. ஃபோர்ஜிங்கில் (எஃகை டையில் அழுத்தி அடித்து) செய்து முறையாக ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்த எஃகு இதை ஆயிரக்கணக்கான முறை தாங்கும். காஸ்டிங் (உருக்கி வார்ப்பது) என்றாலே கெட்டது என்று இல்லை, ஆனால் உள்ளே நுண்துளை இருந்தாலோ கடினம் போதாமல் போனாலோ அந்தத் தோள் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கும். நசுங்க நசுங்க, போல்ட் முகத்திலிருந்து சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) தோள் வரையுள்ள தூரம், அதாவது ஹெட்ஸ்பேஸ், கூடிக்கொண்டே போகும். முதலில் தோட்டா உறை நீளும். பிறகு அடிப்பக்கம் அறுந்து, வாயு மேகசின் வழியாகக் கீழே பீறிடும். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நடக்கும் விஷயம் இது.

2010களில் கடைக்கு வந்த சில அமெரிக்க ஏகேக்களுக்குக் கெட்ட பெயர் வந்தது இந்தக் காரணத்தால்தான். ட்ரன்னியனை ஃபோர்ஜ் செய்ய டையும் பிரஸ்ஸும் வேண்டும், முதலீடு பெரிது. காஸ்டிங் மலிவு. வெளியில் பாலிஷ் அழகாக இருக்கும், கைக்கு வழவழப்பாக ஓடும், சில ஆயிரம் தோட்டாவுக்குள் போல்ட் காதுகளின் ஓரம் சுருண்டுவிடும். ருமேனியாவின் குகிர், செர்பியாவின் ஸஸ்தாவா, பல்கேரியாவின் ஆர்செனல், போலந்தின் ராடோம் போன்றவை ராணுவத்துக்காகவே இந்த உருப்படிகளைப் பல தலைமுறையாகச் செய்துவரும் ஆலைகள். அவற்றின் பெயின்ட் கோணலாக இருக்கலாம், மரக்கட்டை சொரசொரவென்று இருக்கலாம், ட்ரன்னியன் ஏமாற்றுவது அபூர்வம்.

பழைய உதிரிபாக கிட்டிலிருந்து அமெரிக்காவில் கோர்த்த ரைஃபிள்கள் தனி ரகம். கிட்டோடு அசல் பேரலை இறக்குமதி செய்ய 2005இல் தடை வந்தது. அதற்குப் பின் கோர்த்தவற்றில் ட்ரன்னியனும் போல்ட்டும் நல்ல ராணுவச் சரக்காக இருக்கும், பேரல் மட்டும் உள்ளூர்ச் சரக்கு. அதை யார் பொருத்தினார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பொருத்தியவர் யார் என்று கடைக்காரரால் சொல்ல முடியாவிட்டால் அந்த ரைஃபிளை விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் மூன்றுக்கு வருவோம்.

வாசர்-10இன் பலம் பேரல்: குளிர்நிலையிலேயே சுத்தியலால் அடித்து உருவாக்கி (கோல்ட் ஹேமர் ஃபோர்ஜ்), உள்ளே குரோம் பூசியது. பலவீனம் கோர்ப்பில். முன் சைட் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது இதன் பழைய வியாதி. முன்பு ஒற்றை வரிசை மேகசினுக்கான குறுகிய வாயோடு இறக்கி, அமெரிக்காவில் வாயை அகலப்படுத்தி விற்றார்கள். பழைய உருப்படிகளில் மேகசின் ஆடுவது அதனால்தான். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால் கவலை வேண்டாம். மேலும் கீழும் ஆடினால் தோட்டா ஏறுவதில் தகராறு வரும், வாங்காதீர்கள்.

இசட்பாப் எம்70 மூன்றிலும் கனமானது. ஆர்பிகே இயந்திரத் துப்பாக்கிபோல 1.5 மி.மீ. தகடு, முன்பக்கம் புடைத்த ட்ரன்னியன். புடைப்பு ரிசீவரின் இரு பக்கமும் வெளியிலேயே தெரியும். ஆனால் யூகோஸ்லாவிய மரபில் பேரலுக்கு உள்ளே குரோம் பூசும் பழக்கம் இல்லை. இசட்பாப் குரோமோடு வரத் தொடங்கியது 2020 வாக்கில்தான். பழைய ஸ்டாக்கோ செகண்ட் ஹாண்டோ வாங்கினால் சீரியல் எண்ணைச் சொல்லி இறக்குமதியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, சாதாரண ஏகேஎம்மின் பேரலைச் சுற்றிய முன்பிடி மரமும் பின்கட்டையும் இதில் உட்காராது. பின்னாளில் மாற்றும் ஆசை இருந்தால் யூகோ வகைக்கென்று செய்ததைத்தான் தேட வேண்டும்.

ஜிஎஃப்3இல் ட்ரன்னியன், போல்ட், கேரியர் மூன்றும் ஃபோர்ஜிங். பழைய புகாரின் மையத்தையே அந்த நிறுவனம் சரிசெய்துவிட்டது என்பதைத் தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். பேரல் குரோம் பூச்சு அல்ல, நைட்ரைடு செய்தது (நைட்ரஜனால் எஃகின் மேற்பரப்பைக் கடினமாக்கியது). அதே நிறுவனத்தின் ஏகே-103 வரிசையில் எஃப்என் (பெல்ஜியத் துப்பாக்கி நிறுவனம்) செய்த குரோம் பேரல் கிடைக்கிறது, விலை கூடும்.

என் வரிசை: முதலில் எம்70, அடுத்து நேரில் பார்த்துப் பொறுக்கிய வாசர், பிறகு ஜிஎஃப்3. வாசரைப் பார்க்காமல் ஆன்லைனில் வாங்குவதானால் அதைக் கடைசிக்குத் தள்ளி ஜிஎஃப்3ஐ மேலே ஏற்றுவேன்.

கடையில் செய்ய வேண்டியது இது. மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துவிட்டுத் தொடங்குங்கள். முன் ட்ரன்னியனில் பக்கத்துக்கு மூன்று ரிவெட். தலை உருண்டு, தகட்டோடு ஒட்டி, சுற்றிலும் இடுக்கு இல்லாமல் இருக்க வேண்டும். ரிவெட்டுக்குப் பதில் ஸ்க்ரூ இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அடுத்து, பின் சைட்டின் பிளவு வழியாக முன் சைட்டைப் பாருங்கள். முன் சைட்டின் இரு பக்கக் காதுகளும் நேராக நிற்க வேண்டும். லேசான சாய்வை முன் சைட் டிரம்மை (சைட் முள்ளைத் தாங்கும் சிறு உருளையை) நகர்த்திச் சரிசெய்யலாம். ஆனால் கணக்கு தெரிந்திருக்கட்டும்: ஏகேஎம்மில் இரு சைட்டுக்கும் நடுவே 378 மி.மீ., ஆகவே டிரம் 1 மி.மீ. நகர்ந்தால் 100 மீட்டரில் குண்டு 26 செ.மீ. தள்ளி விழும். புது ரைஃபிளிலேயே டிரம் ஓரத்துக்குப் போயிருந்தால் சாய்வு பெரிது என்று அர்த்தம்.

மேல்மூடியைத் திறந்து கேரியரை எடுங்கள். பிஸ்டன் தண்டு கேரியரில் லேசாக ஆடும். அது வடிவமைப்பு, குறை அல்ல. பலர் இதைப் பார்த்துப் பயந்து நல்ல ரைஃபிளைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பிஸ்டன் தலையில் ஒரே பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால்தான் கேஸ் பிளாக் (பேரலின் வாயுவைப் பிஸ்டனுக்குத் திருப்பும் பாகம்) கோணல். செகண்ட் ஹாண்டானால் போல்ட் காதுகளின் பூட்டும் முகத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்: சமமான தேய்மானம் சரி, ஓரம் சுருண்டு உதடு கட்டியிருந்தால் எஃகு மெத்து. கடைசியாக சேஃப்டியை மேலே ஏற்றி விசையை அழுத்துங்கள், ஹேமர் அசையக் கூடாது.

ஹெட்ஸ்பேஸைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, கேஜ் (தோட்டா வடிவ அளவுக்கட்டை) வேண்டும். 7.62×39க்கான கோ (குறைந்தபட்ச அளவு), நோ-கோ (புது ரைஃபிளுக்கான மேல் எல்லை), ஃபீல்ட் (பழகிய ரைஃபிளுக்கான கடைசி எல்லை) மூன்றில் ஒன்றே ஒன்று வாங்க முடியுமானால் ஃபீல்ட் வாங்குங்கள். சேம்பரைத் துடைத்து, ரீகாயில் ஸ்பிரிங்கைக் கழற்றி, கேஜை வைத்து, கேரியரை விரலால் மெதுவாக மட்டும் தள்ளுங்கள். ஓங்கித் தள்ளினால் கேஜும் பொய் சொல்லும், சேம்பரும் கெடும். ஃபீல்டில் போல்ட் பூட்டிக்கொண்டால் அந்த ரைஃபிளைச் சுடவே கூடாது. வாங்கியதும் ஒருமுறை, 500 தோட்டாவுக்குப் பின், 1,000த்துக்குப் பின், அதற்கப்புறம் ஆயிரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். இறக்குமதிச் சரக்குக்கும் இதே விதிதான். பிரைமர் (உறையின் அடியில் உள்ள தீமூட்டி) வெளியே துருத்திய உறைகள் கிடைத்தால் கணக்குக்குக் காத்திருக்காமல் உடனே சோதியுங்கள்.

குரோமா நைட்ரைடா என்ற சண்டை பெரும்பாலும் தோட்டாவைப் பொறுத்தது. யூகோஸ்லாவிய எம்67 போன்ற பழைய ராணுவத் தோட்டாவின் பிரைமர் அரிக்கும் உப்பை விடும். குரோம் இல்லாத பழைய யூகோ பேரலில் அதைச் சுட்டு அப்படியே வைத்தால் ஈரக்காற்றில் சீக்கிரமே துரு பிடிக்கும். எந்தப் பேரலானாலும் அன்றைக்கே வெந்நீர் விட்டு அலசி, உலர்த்தி, எண்ணெய் போட வேண்டும். கேஸ் குழாயையும் பிஸ்டனையும் விட்டுவிடாதீர்கள். இப்போது செய்யும் தோட்டாவை மட்டும் வாங்குவதானால் நைட்ரைடே போதும்.

சட்டத்தில் மூன்று கவனம். இறக்குமதி ரைஃபிளில் பாகம் மாற்றும்போது 922(ஆர்) விதி வரும்: பட்டியலிட்ட 20 பாகங்களில் வெளிநாட்டுப் பாகம் பத்தைத் தாண்டக் கூடாது. மேகசினின் உடல், ஃபாலோயர், அடித்தகடு மூன்றும் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே வாசரின் அமெரிக்க விசைத் தொகுதியை எடுத்துவிட்டு ருமேனிய அசலைப் போடும் முன் எண்ணிப் பாருங்கள். கிரீன் கார்டு இருப்பதால் 4473 படிவமும் பின்னணிச் சோதனையும் முடித்து நீங்கள் வாங்கலாம். எச்1பி வேலை விசாவில் இருக்கும் ஒருவருக்கு, வேட்டை லைசென்ஸ் போன்ற விதிவிலக்கு இல்லாமல், துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். அவர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய், வாஷிங்டன் பக்கம் குடிபெயரும் எண்ணம் இருந்தால் அங்கே இவ்வகை ரைஃபிளுக்குத் தடை உண்டு, முதலில் அதை விசாரியுங்கள்.

முதல் தோட்டாவுக்கு முன் ஒரு வேலை பாக்கி. இறக்குமதி ரைஃபிள்கள் சிலவற்றில் துருவுக்குப் பூசிய கெட்டி கிரீஸ் அப்படியே இருக்கும். ஏகே வகை போல்ட்டுக்குள் ஃபயரிங் பின் (பிரைமரை அடிக்கும் ஊசி) பெரும்பாலும் ஸ்பிரிங் இல்லாமல் தளர்வாக ஓட வேண்டியது. கிரீஸ் கட்டி அது முன்னே நீட்டியபடி ஒட்டிக்கொண்டால், போல்ட் மூடும்போதே விசை இழுக்காமல் தோட்டா வெடிக்கும். போல்ட்டை மினரல் ஸ்பிரிட்டில் ஊற வைத்துக் கழுவி, காதருகே வைத்துக் குலுக்குங்கள். பின் கலகலவென்று ஆடும் சத்தம் தெளிவாகக் கேட்ட பிறகே ரேஞ்சுக்குக் கொண்டுபோங்கள்.