கைப்பேசி கேள்வி - பதில்: கையில் கால் கிலோ

கேள்வி: பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். நிலைக்கதவு, பித்தளைக் குடம், எனாமல் தூக்கு இவற்றைப் படமெடுத்து வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப வேண்டும். சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா வாங்கலாமா? 200 மெகாபிக்சல் நிஜமாகவே உதவுமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: வாங்கலாம், ஆனால் 200 என்ற எண்ணுக்காக வேண்டாம். கேமரா வழக்கமாக 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். 200-ஐ நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். முற்றத்து வெயிலில் அது பிரமாதம். வீட்டுக்குள் வளவின் இருட்டில் படம் புள்ளி தட்டிவிடும், அங்கே 12-தான் சுத்தம்.

உங்கள் தொழிலுக்கு லாபம் ஜூம் லென்ஸில்தான். நிலைக்கதவை ஒட்டி நின்று 0.6 மடங்கு அகல லென்ஸில் எடுத்தால் ஓரச் சட்டங்கள் வளைந்து தெரியும். வாங்குபவர் மரமே கோணல் என்று பேரம் பேசுவார். ஏழடிக் கதவென்றால் பதினைந்தடி தள்ளி நின்று 3 மடங்கில் எடுங்கள். மேலே இருக்கும் கஜலட்சுமி செதுக்கலுக்கு 5 மடங்கு. அந்த லென்ஸ் 50 மெகாபிக்சல். ஆனால் 4 மடங்கு வேண்டாம். 3 மடங்கு லென்ஸின் 10 மெகாபிக்சல் படத்தை வெட்டிப் பெரிதாக்கித்தான் அதைக் கொடுக்கும்.

குடத்தில் வெட்டிய பெயரெழுத்துக்கு மிக அருகே போனால் ஃபோன் தானாக அகல லென்ஸுக்கு மாறும், ஃபோனின் நிழலும் விழும். கொஞ்சம் விலகி 2 மடங்கில் எடுங்கள். எனாமலுக்கு ஃபிளாஷ் ஆகாது; ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், இல்லாவிட்டால் பாடுபட்டதெல்லாம் சுருங்கிப் போகும். மெமரி கார்டு போட இடமில்லை, ஆகவே 512 ஜிபி பாருங்கள்.

கேள்வி: சிராவயல் மஞ்சுவிரட்டில் எடுத்த மாட்டுப் படமெல்லாம் கலங்கல். என் எஸ்24 அல்ட்ரா பழுதா?
- வாசகர், திருப்பத்தூர்

பதில்: பழுதில்லை. ஓடுவதைப் பிடிப்பதில் இந்த ஃபோனுக்குச் சற்றே மந்தம். பொத்தானிலிருந்து விரலை எடுக்கும்போதுதான் படம் பதிவாகிறது. கேலக்ஸி ஸ்டோரில் ‘கேமரா அசிஸ்டன்ட்’ இறக்கி, ‘குயிக் டேப் ஷட்டர்’ போட்டுவிட்டால் தொட்டதுமே பதியும். கேமராவின் ப்ரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி வைத்தால் இன்னும் தேவலை.

கேள்வி: எஸ்24 அல்ட்ராவுக்கு 45 வாட் சார்ஜர் வாங்கியும் வேகம் வரவில்லை.
- வாசகி, தேவகோட்டை

பதில்: கேபிளைப் பாருங்கள். 5 ஆம்பியர் தாங்கும், இரு முனையும் டைப்-சி ஆன கேபிள் வேண்டும். சார்ஜரில் பிபிஎஸ் (ஃபோனுக்கு ஏற்ப மின்னழுத்தத்தை மாற்றித் தரும்) வசதியும் இருக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் திரையில் ‘சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங் 2.0’ என்று வரும். வந்தாலும் 45 வாட் கடைசிவரை நிற்காது, பேட்டரி நிரம்ப நிரம்ப இறங்கும். சித்திரை வெயிலில் ஃபோன் சுட்டால் வேகத்தை அதுவே குறைத்துக்கொள்ளும். உறையைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: பெரிய திரை என்று அப்பச்சிக்கு எஸ்24 அல்ட்ரா வாங்கிக் கொடுத்தோம். பேனாவால் எழுதினால் நடுவில் கோடு விட்டுப்போகிறது.
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: பின்னுறையில் காந்த வளையம் இருக்கிறதா? அதுதான் காரணம், திரைக்குள் பேனாவை உணரும் தகட்டைக் காந்தம் குழப்பும். சாதாரண உறை மாட்டுங்கள், உறையே இல்லாமல் விட்டுவிடாதீர்கள். 232 கிராம் ஃபோன் ஆத்தங்குடித் தரையில் விழுந்தால் டைட்டானியம் சட்டம் பிழைக்கும், கண்ணாடி பிழைக்காது.