'விவேக'த்துக்கு அரை மதிப்பெண் ஏன் போயிற்று?

தேனியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ்த் தேர்வில் 'விவேகம்' என்ற சொல்லை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னார்கள். 'விவேகம் வாழ்க்கைக்கு மிகவும் அவசியம்' என்று எழுதினாள். ஒன்றுக்கு அரை மதிப்பெண்தான் கிடைத்தது. பிழை எதுவும் இல்லையே? டியூஷன் ஆசிரியர், ஆயத்த வாக்கியங்கள் அடங்கிய புத்தகம் ஒன்றை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?"

பிழை இல்லைதான், அம்மா. ஆனால் 'விவேகம்' என்பதை விரலால் மறைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். அங்கே பொறுமை, கல்வி, உடற்பயிற்சி, உப்பு, எதை வைத்தாலும் வாக்கியம் நிற்கும். உங்கள் மகளுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும் என்பதற்கு அதில் சாட்சியே இல்லை. அரை மதிப்பெண் போனது அதனால்தான் இருக்கும். இதை ஓரத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் நீங்கள் எனக்கு எழுத வேண்டியே வந்திருக்காது. சிவப்பு மையில் சுழிக்க நேரம் இருக்கிறது, காரணம் சொல்லத்தான் நேரம் இல்லை. நானும் முப்பத்தோரு ஆண்டுகள் அந்த மையைச் செலவழித்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

விவேகம் வடமொழிச் சொல். பிரித்தறிதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். நீரை விட்டுப் பாலை மட்டும் பருகும் பறவையை நாலடியார் உவமை சொல்கிறதே, அந்தப் பிரிப்புதான். ஆகவே உங்கள் மகளின் வாக்கியத்தில் இரண்டு வழிகள் தெரிய வேண்டும். ஒருவர் நிதானித்து ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிப்பது தெரிய வேண்டும்.

"கிணற்றில் விழுந்த ஆட்டைக் காப்பாற்றத் தானும் குதிக்காமல், கயிறு கொண்டுவர ஆளனுப்பிய முருகேசனின் விவேகத்தை ஊரே பாராட்டியது."

"வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவனிடம் ரகசிய எண்ணைச் சொல்லாமல் போனை வைத்துவிட்ட பாட்டியின் விவேகம் எங்கள் சேமிப்பைக் காப்பாற்றியது."

இப்போது விரலால் மறைத்துப் பாருங்கள். 'உடற்பயிற்சி' என்று வைத்தால் சிரிப்புத்தான் வரும்.

புத்திசாலித்தனமும் இதுவும் ஒன்றல்ல. தெனாலிராமன் அரசரிடம் மாட்டிக்கொண்டு ஒரு பதிலால் தப்பினால் அது சமயோசிதம். மாட்டிக்கொள்ளாமலே இருந்திருந்தால் விவேகம். 'பகுத்தறிவு' பொருளில் நெருங்கிய சொல்தான். ஆனால் தமிழ்நாட்டில் அதைச் சொன்னால் பெரியாரும் கடவுள் மறுப்பும் சேர்ந்தே நினைவுக்கு வரும். எட்டாம் வகுப்பு விடைத்தாளுக்கு அந்தச் சுமை வேண்டாம்.

ஒற்றில் கவனம் வேண்டும். 'விவேகமாகச் செயல்பட்டார்', 'விவேகமாகப் பேசினாள்' என்று வல்லினம் மிகும். சந்தேகமாக இருந்தால் 'விவேகத்துடன் பேசினாள்' என்று எழுதிவிடச் சொல்லுங்கள். அங்கே ஒற்று வராது, வம்பும் இல்லை.

இனி என் நெடுநாள் எரிச்சல். "வி என்றால் சிறந்த, ஆகவே சிறந்த வேகமே விவேகம்" என்று பலகையில் எழுதிப்போட்ட ஒரு டியூஷன் மையத்தை நானே பார்த்திருக்கிறேன். கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கும் பொய் இது. தமிழில் இரண்டையும் ஒரே 'க' போட்டு எழுதுவதால் வந்த மயக்கம். வடமொழியில் ககரம் நான்கு வகை; வேகத்தில் இருப்பது மூன்றாம் ககரம் (ga), விவேகத்தில் இருப்பது முதல் ககரம் (ka). இரண்டின் வேரும் வேறு. சாலையோரப் பலகையில் 'வேகம் விவேகமல்ல' என்று படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஓசைக்கு மயங்கி, "வேகமும் விவேகமும் வேண்டும்" என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதுகிறார்கள். அதுவும் விரல் சோதனையில் விழும் வாக்கியம்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இரு சொற்களையும் ஒரே தொடரில் அமைக்கச் சொல்லும் வினா. பத்தாம் வகுப்புப் பாடநூலில் சிலை–சீலை, விடு–வீடு என்று கேட்கிறார்களே, அந்த வகை. அதைப் பார்த்து யாராவது வேகம்–விவேகம் என்று கேட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்து வந்தே ஆக வேண்டும். தனித்தனியாக இரண்டு வாக்கியங்கள் எழுதினால் கேள்வியைப் படிக்கவில்லை என்று பொருள். அப்போதும் ஒரு நிகழ்ச்சி வேண்டும்: "ஆம்புலன்ஸை வேகமாக ஓட்டிவந்தவர், பள்ளிக்கூட வாசலில் விவேகத்துடன் நிதானித்தார்." இதில் 'வேகமாக' என்றும் 'விவேகத்துடன்' என்றும் சொற்கள் நீண்டிருக்கின்றன. அது குற்றமில்லை. ஆனால் 'விவேகி' என்று மாற்றினால் வேறு சொல் என்று அடித்துவிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அது நியாயமில்லைதான். ஆனாலும் அரை மதிப்பெண்ணுக்காக யார் போய் மன்றாடுவது? கேட்ட சொல்லையே வைத்துவிடட்டும்.

புத்தகத்தை வாங்காதீர்கள். அதைச் சிபாரிசு செய்பவருக்குக் கடைக்காரர் என்ன தருகிறார் என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். ஒரே புத்தகத்தைப் பார்த்து இருபது பேர் ஒரே வாக்கியத்தை எழுதினால் திருத்துபவருக்குத் தெரியாமலா போகும்? இன்று இரவு சாப்பிடும்போது, "இந்த வாரம் நம் வீட்டில் யார் அவசரப்படாமல் நல்ல முடிவு எடுத்தார்கள்?" என்று மகளிடம் கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.