ஜெனிபர் கார்ன்வால் பெயர்தானா?

"அக்கா, கார்ன்வாலில் உள்ள ட்ரூரோவில் நர்ஸ் வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. வார்டில் ஒரு பாட்டி என் பேட்ஜைப் பார்த்துவிட்டு, 'ஜெனிபரா? அது எங்கள் ஊர்ப் பெயராயிற்றே' என்றார். கிண்டலா, நிஜமா? நாகர்கோவிலில் எங்கள் தெருவிலேயே மூன்று ஜெனிபர் இருக்கிறோம்" என்று கேட்டிருந்தீர்கள். வாயில் நுழையாத மற்ற பெயர்களை என்ன செய்வது, பேட்ஜில் 'ஜென்' என்று சுருக்கிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

பாட்டி சொன்னது நிஜம்தான் தங்கச்சி. பிரிட்டனின் பழங்கதையான ஆர்தர் ராஜா கதையில் ராணியின் பெயர் கினிவியர். வேல்ஸ் மொழியில் அவள் க்வென்ஹ்விவர். அந்தப் பெயர்தான் பிரிட்டனின் தென்மேற்கு முனையில் இருக்கும் இந்தக் கார்ன்வால் மக்களின் வாயில் புழங்கிப் புழங்கி ஜெனிபர் ஆனது. 'க்வென்' என்றால் வெண்மை, அழகு. பின்பாதிக்கு மென்மை என்று சிலரும், மாய உரு என்று சிலரும் பொருள் சொல்கிறார்கள். கார்ன்வாலுக்கும் அந்தக் கதைக்கும் பழைய உறவு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் மான்மத் ஜெஃப்ரி என்ற பாதிரியார் எழுதிவைத்ததன்படி, ஆர்தர் தாயின் வயிற்றில் உருவானது இங்கே வடக்குக் கடற்கரையில் இருக்கும் டின்டாஜெல் கோட்டையில். ராணி வளர்ந்ததும் கார்ன்வால் பிரபு கடோரின் வீட்டில். வரலாறு என்று அவர் எழுதியதில் பெரும்பகுதி கட்டுக்கதைதான். ஆனால் டின்டாஜெலில் கார் நிறுத்த இடம் தேடும் கூட்டத்தைப் பார்த்தால் அதைச் சொல்ல மனம் வராது.

கதை ஒரு பக்கம் இருக்கட்டும். இங்குள்ள கோயில்களின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஜெனிபர்கள் உண்டு. எழுத்துத்தான் ஆளுக்கு ஒரு விதம்: ஜெனிஃபர், ஜெனெஃபர் என்று போகும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஒற்றை 'என்' (n) போட்டு, Jenifer என்றுதான் எழுதுவார்கள். நம் பக்கமும் பலர் ஒற்றை 'என்' போட்டுத்தான் எழுதுகிறார்கள், கவனித்தீர்களா? தற்செயல்தான் என்றாலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

கார்ன்வாலைத் தாண்டினால் இந்தப் பெயரை நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. 1906இல் லண்டனில் பெர்னார்ட் ஷா ஒரு நாடகம் போட்டார், 'தி டாக்டர்ஸ் டைலெமா'. காசநோயில் கிடக்கும் ஓவியனின் மனைவி, புருஷனைக் காப்பாற்றச் சொல்லி டாக்டரிடம் வருகிறாள். அவள் பெயர் ஜெனிபர். டாக்டருக்கு அந்தப் பெயர் விநோதமாகப் படுகிறது. கார்ன்வாலில் இதில் விநோதம் ஒன்றுமில்லை, நீங்கள் கினிவியர் என்பதைத்தான் நாங்கள் இப்படிச் சொல்கிறோம் என்கிறாள் அவள். லண்டன் ரசிகர்களுக்கு 1906இல் ஜெனிபர் என்ற பெயரை மேடையிலேயே விளக்கவேண்டியிருந்தது! இன்று நம்ப முடிகிறதா?

அப்புறம் மெல்லப் பரவியது. 1930களிலிருந்து இங்கிலாந்து முழுக்கப் பெண் குழந்தைகளுக்கு வைக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் ஃபிலிஸ் ஐஸ்லி என்ற நடிகை ஜெனிபர் ஜோன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு 1944இல் ஆஸ்கர் வாங்கினார். 1970 முதல் 1984 வரை 15 வருடம் அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் இதுதான். பைபிளில் இந்தப் பெயர் கிடையாது. இருந்தும் நம் கிறிஸ்தவ வீடுகளில் ஞானஸ்நானப் பெயராகவே உட்கார்ந்துவிட்டது. உங்கள் வீட்டில் யார் சொல்லி வைத்தார்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள், நல்ல கதை கிடைக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. இங்கே உங்கள் வயதில் ஜெனிபர்கள் குறைவு. கட்டிலில் படுத்திருப்பவர்தான் ஜெனிபராக இருப்பார், எழுபதைத் தாண்டியவராக. மருந்து கொடுக்கும்போது இரண்டு ஜெனிபர் என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, கைப்பட்டையில் பிறந்த தேதியையும் சரிபாருங்கள்.

பாட்டி ஏன் 'எங்கள்' என்று அழுத்திச் சொன்னார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இவர்களுக்குக் கார்னிஷ் என்று தனி மொழி இருந்தது. அது ஆங்கிலத்தோடு சேர்ந்ததல்ல, வேல்ஸ் மொழிக்குத்தான் உறவு. மௌஸல் என்ற மீனவக் கிராமத்தில் மீன் விற்ற டாலி பென்ட்ரீத் 1777இல் இறந்தபோது தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் போய்விட்டார் என்று சொல்வது வழக்கம். 1904இல் ஹென்றி ஜென்னர் ஒரு பாடநூல் போட்டு அதை மறுபடி எழுப்பினார். 2014இல்தான் கார்னிஷ் மக்களை அரசாங்கம் தேசியச் சிறுபான்மையினராக அங்கீகரித்தது. நடுவில் மொழி போயிருந்த காலத்திலும் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் நின்றன. அதனால், 'ஓ, இங்கிலீஷ் பெயரா?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கார்ன்வாலின் எல்லையான டேமர் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் இங்கிலாந்து என்று பதில் வரும், பாதி விளையாட்டாக.

மற்ற பெயர்களுக்கு வருகிறேன். ஜேகோ என்றால் ஜேம்ஸ். ஜோரி என்றால் ஜார்ஜ். கெரன்ஸா அன்பு, லோவென்னா மகிழ்ச்சி. பிரன் என்று பையன் இருந்தால் அது தகரச் சுரங்கக்காரர்களின் காவல் புனிதர் பெயர். மார்ச் 5 அவர் திருநாள். கறுப்பில் வெள்ளைச் சிலுவைக் கொடி அன்றைக்கு எங்கும் பறக்கும். டெமெல்சா முதலில் பெண் பெயரே இல்லை, செயின்ட் வென் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு குக்கிராமம். வின்ஸ்டன் கிரகாம் என்ற எழுத்தாளர் சாலையோரக் கைகாட்டிப் பலகையில் பார்த்து, தன் போல்டார்க் நாவல்களின் நாயகிக்கு வைத்தார். 1970களில் அது டிவியில் வந்தபிறகு ஊரெல்லாம் டெமெல்சா.

எனக்குப் பிடித்தது லவ்டே. இடைக்காலத்தில் வழக்காளிகள் இரு தரப்பும் உட்கார்ந்து சமாதானம் பேசத் தனியாக ஒரு நாள் குறிப்பார்கள், அதுதான் லவ்டே. அன்று பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயர். இது ஆங்கிலப் பெயர்தான். மற்ற இடங்களில் வழக்கொழிந்தும் கார்ன்வாலில் விடாமல் பிடித்துவைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் சொல்லவேண்டும். 1860களில் செம்பு விலை விழுந்ததும் இங்குள்ள சுரங்கக்காரர்கள் பிழைப்புத் தேடிக் கப்பலேறினார்கள், ஆஸ்திரேலியா, மெக்சிகோ, அமெரிக்கா என்று. போன இடங்களில் இவர்களுக்கு வந்த பட்டப்பெயர் 'கசின் ஜாக்'. பெண்களுக்கு 'கசின் ஜென்னி'. ஜென்னி பொதுவாக ஜேனுக்குச் செல்லப்பெயர், ஜெனிபருக்கும் அதுவே. 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி நடத்திய கோலார் தங்கவயலுக்கும் கார்ன்வால்காரர்கள் வந்தார்கள். மேலாளும் மேஸ்திரியும் அவர்கள், பாறையைக் குடைந்தவர்களில் பெருவாரி தமிழர்கள். என் அம்மா வழி தங்கவயல்தான். இங்குள்ள பழைய சுரங்க ஊரான கேம்போர்னில் வயதான நோயாளிகளிடம் கோலார் என்று சொல்லிப் பாருங்கள், சில வீடுகளில் தாத்தாவின் தாத்தா பேச்சு வரும். கூலியிலும் குடியிருப்பிலும் இருந்த ஏற்றத்தாழ்வு அந்தப் பேச்சில் வராது. நான் அதையும் சொல்லிவிடுவேன்.

வார்டில் தாத்தாக்கள் 'மை லவர்' என்று கூப்பிட்டால் பதறவேண்டாம். இந்தப் பக்கத்தில் அது பஸ் டிரைவர் முதல் ரொட்டிக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் எல்லாரும் சொல்வது. ஆண்களுக்கு 'மை ஹேண்ட்சம்', இளம்பெண்களுக்கு 'மெய்ட்'. கை நீண்டால் மட்டும் சிஸ்டர்-இன்-சார்ஜிடம் சொல்லுங்கள்.

சுருக்குவதா என்றால், பேட்ஜில் ஜெனிபர் என்றே இருக்கட்டும். இந்த ஊரில் எல்லாருக்கும் சொல்லவரும் பெயரை நீங்கள் ஏன் வெட்டவேண்டும்? தகராறு வரப்போவது அப்பா பெயரில்தான். பாஸ்போர்ட்டில் அது குடும்பப்பெயர்க் கட்டத்தில் இருந்தால் டாக்டர் கிளினிக்கில் 'மிஸ் செல்வராஜ்' என்று உங்கள் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள், நீங்கள் எழுந்து உள்ளே போங்கள். எழுத்தில் மட்டும் கறாராக இருங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றை 'என்' என்றால் நர்ஸிங் கவுன்சில் பதிவு, சம்பளச் சீட்டு, பேங்க், வாடகைப் பத்திரம் எல்லாவற்றிலும் அதேதான். இங்கே ஆபீஸில் தட்டச்சு செய்பவர்கள் தாங்களாகவே இன்னொரு 'என்' சேர்த்துவிடுவார்கள். கையெழுத்துப் போடுமுன் பார்த்து, அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். விசா நீட்டிக்கும்போது அலையவேண்டி வராது.