மாடித் தோட்டம்: கேள்வி பதில்

கேள்வி: வாசலில் ரங்கூன் மல்லி வைத்து 2 வருடமாகிறது. கொடி மாடிவரை ஏறிவிட்டது, ஒரு பூ இல்லை. வாரம் தவறாமல் உரம் போடுகிறேன். என்ன குறை? (வாசகி, மதுரை)

பதில்: குறையில்லை, கவனிப்புதான் கூடிப்போச்சு! தழைச்சத்து அதிகமானால் கொடி இலையாக விட்டுக்கொண்டே போகும், பூக்காது. உரத்தை நிறுத்துங்கள். வெயில் தினமும் 5, 6 மணி நேரமாவது விழுகிறதா என்று பாருங்கள். அப்புறம் கத்தரிக்கோலை எடுங்கள், இதில் தயவே கூடாது, ஏனென்றால் புதுத் தளிரின் நுனியில்தான் கொத்து வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உதிர்ந்த இலையின் காம்பு முள்ளாகி நின்று கீறிவிடும், அதை ஊன்றித்தான் கொடி ஏறுகிறது.

பூக்க ஆரம்பித்தால் பொழுது சாய்ந்ததும் வெள்ளையாக விரியும், மறுநாள் ரோஸ், அதற்கடுத்த நாள் சிவப்பு, ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். நீளக் குழல் பூ என்பதால் இருட்டியதும் பெரிய அந்துப்பூச்சிகள் தேன் குடிக்க வரும். ஜன்னல் பக்கம் படரவிடுங்கள், வாசம் ராத்திரியில்தான் தூக்கும்.

தலையில் வைக்கவும் வேண்டுமென்றால் பக்கத்திலேயே ஒரு முல்லைக் கொடி வையுங்கள். அந்தி மொட்டுக்கு ஈடில்லை.