சளியில் கிருமி உண்டு, காசநோய் இல்லை என்றால்?

கேள்வி: மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமனாருக்கு இருமல் நிற்கவில்லை. நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுச் சளியில் கிருமி உண்டு என்றார்கள். சிபிநாட் பரிசோதனையிலோ காசநோய் இல்லை என்று வந்திருக்கிறது. கல்ச்சர் முடிவு வரும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகி, அவிநாசி

பதில்: இரண்டு முடிவுகளுமே சரியாக இருக்கக்கூடும். சாயமேற்றி அமிலத்தால் கழுவிய பின்னும் நிறம் போகாத கிருமிகள் எல்லாம் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியும். சிபிநாட் கருவியோ காசநோய்க் கிருமியின் மரபணுவை மட்டுமே தேடுகிறது. ஆகவே, மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழ்கிற, காசநோய் உண்டாக்காத மைக்கோபாக்டீரிய (காசநோய்க் கிருமியும் சேர்ந்த பேரினம்) இனங்களுள் ஒன்றோ என்று ஆய்வகத்தார் ஐயுறுவது முறையே. பழைய காசநோய்த் தழும்போ வேறு நாட்பட்ட பாதிப்போ உள்ள நுரையீரலில் இவை எளிதில் குடியேறும்.

கல்ச்சர் என்பது சளியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. திரவ ஊடகத்தில் கிருமி வளர 42 நாள் வரை காத்திருப்பார்கள். வளர்ந்ததும், காசநோய்க் கிருமி வெளியிடும் எம்பிடி 64 என்ற புரதம் உண்டா என்று ஒரு பட்டையில் சோதிப்பார்கள். கோடு விழாவிட்டால் பெரும்பாலும் வேறு இனமே. எந்த இனம் என்பதுதான் கடினமான பகுதி. முன்பெல்லாம், 1959இல் ரன்யான் என்ற ஆய்வாளர் வகுத்த முறைப்படி, 7 நாளுக்குள் வளர்கிறதா, வெளிச்சம் பட்டால் கன்சாசி என்ற இனத்தைப் போல மஞ்சளாகிறதா என்று பார்த்துப் பிரித்தார்கள். இப்போது கிருமியின் மரபணுவைப் பட்டையில் கோடுகளாகக் காட்டும் லைன் புரோப் பரிசோதனையும் மரபணு வரிசையறிதலும் அந்த வேலையைச் செய்கின்றன.

பெயர் தெரியாமல் மருந்து கொடுப்பது வீண். கன்சாசி, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்கும். அப்செசஸ் என்ற மற்றோர் இனமோ வழக்கமான காசநோய் மாத்திரைகளுக்கு அசையாது. அப்செசஸின் சில வகைகள் ஆய்வகத்தையே ஏமாற்றும்: கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு மூன்றாம் நாள் பணிவதுபோல் காட்டிவிட்டு, மருந்து பட்டபின் விழித்துக்கொள்ளும் ஒரு மரபணுவால் எதிர்த்து நிற்கும். அதனால்தான் மருந்துக்குக் கிருமி அடங்குகிறதா என்று பார்க்கும் சோதனையை 14 நாள் வரை நீட்டிக்கிறார்கள்.

கல்ச்சரில் ஒருமுறை வளர்ந்துவிட்டதாலேயே நோய் என்று முடிவு கட்டுவதில்லை. அறிகுறிகளும் சிடி ஸ்கேனும் பொருந்துவதோடு, தனித்தனியாக எடுத்த இரண்டு சளி மாதிரிகளிலாவது வளர வேண்டும். மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்த நீராயின் ஒன்றே போதும். குழாய்த் தண்ணீரில் உள்ள கிருமியே மாதிரியில் கலந்துவிடலாம் என்பதால், அடுத்த முறை உங்கள் மாமனார் கொதித்து ஆறிய நீரில் வாய் கொப்பளித்த பிறகு, விடியற்காலைச் சளியை ஆய்வகம் தரும் குப்பியில் நேரடியாக எடுத்துக் கொடுக்கட்டும்.